நாலாவது பாயிண்ட்

இதையெல்லாம் முதல்முதலா எனக்குச் சொன்னது எங்க மாப்பிள்ளை யுவராஜ்தாம்மா. பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநாள், காலையில ஏழு, ஏழரை இருக்கும். கோயில்ல குடுத்த பொங்கலை வீட்டுக்காரருக்கு எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கேன், போன் வருது. "அத்தை, நேபாளத்துல போன மாசம் நிலநடுக்கம் வந்துச்சே, இன்னும் அடங்கலையாம். அங்கே போறவங்க எப்படி இருக்கணும்னு கவர்மெண்ட்டுல அறிவிப்பு போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல இருக்கு. நான் தமிழ்ல எழுதி அனுப்பறேன், யாத்திரை கிளம்பறதுக்குள்ள நீங்களும் எங்கம்மாவும் மனப்பாடம் பண்ணிக்குங்க"ன்னாரு.

இருங்க. இப்போ ஆடுச்சே, அது ரயில் ஆடினதுதானே? தண்ணி பாட்டில் கூட நகர்ந்துச்சு பாருங்க. ரயில்தான், ரயில்தான். நாலு நாளா இப்படித்தாம்மா. யாராவது கதவைச் சாத்தினாக்கூட என் கை தானா தலை மேல போயிடுது.

நீங்க விஜயவாடாவுல ஏறினதும் கேட்டீங்க, "இந்த அம்மாவுக்குக் கால்ல என்ன?"ன்னு. கண்ணாடி கிழிச்சுடுச்சுன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டேன். அப்போ அவங்க முழிச்சிருந்தாங்க. இப்போ மாத்திரை போட்டுத் தூங்கறாங்க. மெதுவாப் பேசறேன், கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க. அவங்க என் சம்பந்தி. செங்கமலம்னு பேரு. மாப்பிள்ளையோட அம்மா.

மாப்பிள்ளை எழுதி அனுப்பின தாள் இதோ, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சே போச்சு. பதினோரு பாயிண்ட். நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா மனப்பாடம்னா எனக்கு வரும். எங்க விழுப்புரத்துக் கோயில்ல பாசுரம் சொல்றவங்க பதினாலு பேர்ல, புத்தகம் பாக்காமச் சொல்றது நான் ஒருத்திதான். அதனால தினம் காலையில விளக்கேத்திப் பாசுரம் சொல்லி முடிச்சதும், அதே மூச்சுல இந்தப் பதினொண்ணையும் சொல்லிடுவேன். மாப்பிள்ளை போன்ல பரீட்சை வெப்பாரு. "அத்தை, ஒன்பது?" "ஆடும்போது ஓடக்கூடாது, மேஜைக்கு அடியில, கட்டிலுக்கு அடியில பூந்து தலையை மூடிக்கணும்." "ஏழு?" "மாத்திரை பத்து நாளுக்குக் கூடுதலா எடுத்துக்கணும்." "நாலு?" "தூங்கற இடத்துல, கைக்கெட்டற தூரத்துல செருப்பு இருக்கணும்."

நாலு அதுதாம்மா. கைக்கெட்டற தூரத்துல செருப்பு.

முதல் பாயிண்ட்லதான் எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சு வந்துச்சு. அவசியம் இல்லாத பயணத்தைத் தள்ளிப்போடுங்கன்னு இருக்கு. "பெருமாளைப் பாக்கப் போறது அவசியமா, இல்லையா? நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னு கேட்டேன். அதுக்கு அவரு, "அம்மாவையாவது விட்டுட்டுப் போங்களேன் அத்தை, அவங்க ரொம்பப் பயப்படறாங்க"ன்னாரு. எப்படி விட்டுட்டுப் போறது? வேண்டுதல்ல அவங்க பேரும் இருக்கே.

என் பொண்ணு கோகிலாவுக்கு ஆறு வருஷமா குழந்தை இல்லை. நான் வேண்டிக்கிட்டேன். குழந்தை பிறந்தா முக்திநாத்துக்கு வந்து, ரெண்டு பாட்டிகளும் அங்கே நூத்தியெட்டுக் குழாய்ல கொட்டற தண்ணியில நனைஞ்சு உன்னைச் சேவிக்கிறோம்னு. சம்பந்தியைக் கேட்டுக்கிட்டா வேண்டிக்க முடியும்? அழுகை வரும்போது வர்ற வார்த்தைதானே. இந்தத் தை மாசம் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. அப்புறம்தான் அவங்ககிட்ட சொன்னேன். "என்னையும் சேர்த்தா வேண்டிக்கிட்டீங்க சம்பந்தி?"ன்னாங்க. அவ்வளவுதான். நல்ல மனுஷி. பெட்டி கட்டிட்டாங்க.

அவங்களுக்குச் சக்கரை. இருபது வருஷமா. பாதத்துல உணர்ச்சியே கிடையாது. அதுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மெத்துமெத்துன்னு ஒரு செருப்பு, அதைப் போட்டுக்காம ஓர் அடி எடுத்து வெக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் அதேதான். கோயில்னா ரெண்டு காலுறை போட்டுக்கிட்டு, தரையைப் பாத்துப் பாத்து நடப்பாங்க.

முப்பத்திரண்டு பேர் போனோம். யாத்திரை கூட்டிட்டுப் போன சுவாமி, சமையலுக்கு ரெண்டு ஆள், அடுப்பு, அரிசி எல்லாம் நம்ம ஊர்லேர்ந்தே. எங்களோட அறையில திண்டிவனத்துலேர்ந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர். வாய் ஜாஸ்தி. நான் பஸ்ல எல்லாருக்கும் பதினோரு பாயிண்ட்டையும் சொன்னேனா, அன்னிலேர்ந்து எனக்குக் கவர்மெண்ட்டு அம்மான்னு பேர் வெச்சுட்டாங்க. "கவர்மெண்ட்டு அம்மா, சாம்பார்ல உப்பு கம்மி. அதுக்கு எந்த பாயிண்ட்டு?"ன்னு கேப்பாங்க. துளசி மணியோட ஒரு விசில் கோத்துப் போட்டிருந்தேன், இடிபாட்டுல சிக்கினா ஊதறதுக்கு. அது ஆறாவது பாயிண்ட். "பெருமாள் காதுல விழணும்னா கொஞ்சம் பலமா ஊதணும்"னு அதுக்கும் ஒரு கிண்டல்.

சம்பந்தி சிரிக்கவே மாட்டாங்க. எந்த ஊர்ல தங்கினாலும் மாடிப்படி எங்கேன்னு பாத்துட்டு வருவாங்க. சுவர்ல விரிசல் இருக்கான்னு கையால தடவிப் பாப்பாங்க. செருப்பை ஒரு மஞ்சள் கவர்ல போட்டுக் கட்டிலுக்கு அடியில, தலைமாட்டுப் பக்கம் வெச்சுக்குவாங்க. கண்ணை மூடினதும் கையைக் கீழே விட்டு அந்தக் கவரைத் தொட்டுப் பாப்பாங்க. இருக்கா? இருக்கு. அப்புறம்தான் தூக்கம். நடுவுல முழிச்சா மறுபடியும் ஒரு தடவை. எனக்கே சில சமயம், என்னடா இது, பெருமாள் மேல பாரத்தைப் போட்டுட்டுத் தூங்க மாட்டேங்கறாங்களேன்னு தோணும். சொன்னதில்லை. மனசுல நினைச்சதுதான்.

முக்திநாத்துல பெருமாள் சேவை நல்லா ஆச்சு. மேலே பனி. அந்த நூத்தியெட்டுத் தண்ணியும் ஊசி மாதிரி குத்துது. சம்பந்தி செருப்போட கோயில் வாசல் வரைக்கும் வந்து, அப்புறம் ரெண்டு காலுறையோட என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே வந்தாங்க. "பேத்திக்காக"ன்னு சொல்லிட்டுத் தலையை நீட்டினாங்க. அவங்க தலையில தண்ணி விழுந்தப்போ நான் அழுதுட்டேன்.

இறங்கி வர்ற வழியில ஆத்தங்கரையில சாளக்கிராமம் கிடைச்சுது. கறுப்பா, உருண்டையா, உள்ளங்கை அளவு. சாளக்கிராமம் இருக்கற இடம்னா பெருமாளே இருக்கற இடம்மா. அது வெறும் கல்லு இல்லை. தீட்டு ஆகாது, எச்சில் ஆகாது, அது இருக்கற இடத்துல செருப்பு... சொல்லவே வேண்டாம்.

அன்னிக்கு மத்தியானம் கீழே ஒரு ஊர்ல லாட்ஜ். அது பேரு என் வாயில நுழையலை. ரெண்டாவது மாடியில எங்க அறை. சாப்பிட்டுட்டு வந்தோம். சம்பந்தி மாத்திரை போட்டுட்டு அசந்து தூங்கிட்டாங்க. டீச்சர் குறட்டை. நான் ஒரு தட்டுல துளசி வெச்சு, சாளக்கிராமத்தை மேஜை மேல எழுந்தருளப் பண்ணினேன். கண்ணை மூடி நாமம் சொல்றேன், மனசு ஒட்டலை. ஏன்னு பாத்தா, நேர் எதிர்ல, கட்டிலுக்கு அடியில அந்த மஞ்சள் கவர். பெருமாள் பார்வை நேரா அதும்மேலதான் விழுது. என் செருப்பும், டீச்சர் செருப்பும் கூட அங்கேயே கிடக்கு.

நீங்க யோசிச்சுப் பாருங்கம்மா. மலை ஏறி, பனியில நடுங்கி வாங்கிட்டு வந்த பலனை, செருப்பு வாசனையில வெக்க முடியுமா? எனக்கு மனசு வரலை. மூணு ஜோடியையும் எடுத்துக்கிட்டு, சத்தம் போடாமக் கீழே போய், வாசல்ல இருந்த அலமாரியில வெச்சுட்டு வந்தேன். மாடிப்படி ஏறும்போது கூட வாய்க்குள்ள பதினொண்ணையும் சொல்லிக்கிட்டேதான் வந்தேன், தெரியுமா? நாலையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது நாக்குலதான் இருந்துச்சு. காதுல விழலை.

ஒரு கால் மணி நேரம்தான். பூஜை முடிஞ்சதும் கொண்டுவந்து வெச்சுடலாம்னுதான் இருந்தேன்.

முதல்ல மேஜை மேல டம்ளர் கடகடன்னுச்சு. டீச்சர்தான் கட்டிலை உதைக்கிறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் அடியிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. லாரி வந்து வீட்டுக்கு அடியில நிக்கிற மாதிரி. தரை நழுவுது. பூமாதேவிம்பாங்களே, அவ காலை மாத்திப் போட்டு உக்காருற மாதிரி. நான் ஒன்பதாவது பாயிண்ட்டைச் சொல்லிக்கிட்டே சம்பந்தியைக் கையைப் பிடிச்சு இழுத்து மேஜைக்கு அடியில தள்ளினேன். நானும் பூந்துக்கிட்டேன். ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உடைஞ்சு உள்ளே கொட்டுச்சு. வெளியில யாரோ "அம்மா, அம்மா"ன்னு அலறறாங்க. விசில் வாயில இருக்கு, ஊத மூச்சு இல்லை.

நின்னுடுச்சு. நின்னதும் ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, அதுதான் இன்னும் பயம். டீச்சர் எழுந்து ஓடறாங்க. சம்பந்தி மட்டும் கட்டிலுக்கு அடியில கையை விட்டுத் துழாவறாங்க. "சம்பந்தி, என் செருப்பு? இங்கதானே வெச்சேன்? இங்கதானே இருந்துச்சு?" நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. பெருமாள் சத்தியமா வரலை. டீச்சர் வாசல்லேர்ந்து கத்தறாங்க: "உசுரு போற நேரத்துல செருப்பா? எழுந்து வாங்கம்மா!" அவங்க இன்னும் துழாவறாங்க. அந்தக் கட்டிலுக்கு அடியில, இந்தக் கட்டிலுக்கு அடியில. அறையில நாங்க ரெண்டே பேர். மறுபடியும் லேசா ஆடுது. நான் அவங்க தோளைப் பிடிச்சு, "வாங்க, வாங்க"ன்னு இழுத்தேன்.

வெறுங்காலோட வந்தாங்க. உணர்ச்சி இல்லாத காலு, பாவம், கண்ணாடி மேல நடந்தது அவங்களுக்கே தெரியலை. நான் சாளக்கிராமத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் பின்னாடி வர்றேன். படியில சிவப்பா, ஒண்ணு விட்டு ஒரு படியில. யாரோ குங்குமத்தைக் கொட்டிட்டாங்கன்னு நினைச்சேன்மா. கீழே போய் வெளிச்சத்துல நின்னப்புறம்தான் சுவாமி பாத்துட்டு, "அம்மா, உங்க கால்!"னு சத்தம் போட்டாரு. அவங்க குனிஞ்சு பாத்து, "யாரோட ரத்தம் இது?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் அவங்களைச் சுத்தி நின்னாங்க. நான் அலமாரியைப் பாத்தேன். மஞ்சள் கவர் அங்கேயே, வெச்சது வெச்சபடி. அலமாரி கூடச் சாயலை. டீச்சர் தன் செருப்பை அங்கேர்ந்து எடுத்து மாட்டிக்கிட்டாங்க, தான்தான் கீழே விட்டிருந்ததா நினைச்சுக்கிட்டு. நான் போய் அந்தக் கவரை எடுத்து... என் பையில போட்டுக்கிட்டேன். ஏன் போட்டுக்கிட்டேன்னு கேக்காதீங்க. கை தானாப் போச்சு.

மறுநாள்தான் எடுத்துக் குடுத்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமா கிடந்துச்சாம், லாட்ஜ் ஆள் கொண்டாந்து குடுத்தான்னேன். அவங்க அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "அப்போ நான்தான் அங்கே வெச்சேனா? தலைமாட்டுலதானே வெச்சேன் சம்பந்தி? தொட்டுப் பாத்தேனே?" நான், "பதட்டத்துல நினைவிருக்காது, வயசானா மறதி சகஜம்தானே"ன்னேன். ஆறுதலாத்தாம்மா சொன்னேன்.

அந்தப் பதினோராவது பாயிண்ட் ஒண்ணு இருக்கு. பொய்ச்சேதியை நம்பாதீங்க, நீங்களும் பரப்பாதீங்கன்னு. அதை மட்டும் நான் மீறவே மாட்டேன்னு பஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லியிருந்தேன். எனக்குக் கோள் சொல்லவும் தெரியாது, ஒண்ணை ஒளிச்சு வெக்கவும் தெரியாது.

அங்கே வெறும் கட்டு மட்டும்தான் போட்டாங்க. இந்தியாவுக்குள்ள வந்து கோரக்பூர்லதான் டாக்டர் கண்ணாடியெல்லாம் எடுத்துட்டுத் தையல் போட்டாரு. ரெண்டு விரல் நிறம் சரியில்லை, ஊருக்குப் போன உடனே காட்டுங்கன்னாரு. இந்தியில சொன்னாரு, சுவாமிதான் எங்களுக்குச் சொன்னாரு. சம்பந்தி அதைக் கேட்டுக்கிட்டு, விரல் போனாப் போகட்டும்னு தலையை ஆட்டினாங்க. அவங்க பயம் வேற.

அவங்க அக்கா ஒருத்தி இருந்தாங்களாம். அறுபது வயசுல மறதி வந்து, கடைசியில பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டாங்களாம். அது இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். சாவிக்கொத்தை வெச்ச இடம் தெரியலைன்னு. ரயில் ஏறினதுலேர்ந்து இவங்க தன்னைத் தானே சோதிச்சுக்கறாங்கம்மா. யுவராஜ் நம்பரைச் சொல்லிப் பாப்பாங்க. கல்யாண நாள், பேத்தி பிறந்த நட்சத்திரம், அக்கம்பக்கத்து வீட்டுப் பேரெல்லாம் சொல்வாங்க. "சரியா சம்பந்தி?"ன்னு என்கிட்ட கேப்பாங்க. சரிதான்னு சொல்வேன். எல்லாம் சரிதான். ஒண்ணு கூடத் தப்பு வரலை. அதுக்கும் அழறாங்க.

நேத்து சாயங்காலம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? கோகிலாவுக்கு லீவு முடியுது. வர்ற மாசத்துலேர்ந்து வேலைக்குப் போகணும். குழந்தையைச் சம்பந்திதான் பாத்துக்கறதா இருந்துச்சு. தொட்டில் கூட வாங்கிக் கட்டிட்டாங்க. "அது வேண்டாம் சம்பந்தி. குழந்தையை நீங்களே விழுப்புரத்துக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. நான் எங்கேயாவது வெச்சுட்டு, வெச்ச இடத்தை மறந்துட்டேன்னா? ஸ்டேஷன்ல யுவராஜ் வந்து நிப்பான். அங்கேயே சொல்லிடறேன்"னாங்க.

எனக்கு அந்தக் குழந்தை மேல ஆசை இல்லைன்னு சொல்ல மாட்டேன். யாரு வளர்க்கறதுன்னு பேச்சு வந்தப்போ, நானும் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தேன், என்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். அதனால நேத்து அவங்க சொன்னதும், அய்யோன்னு வாய் சொல்லுச்சு. உள்ளே... உள்ளே, பெருமாள் ஏதோ ஏற்பாடு பண்றாரோன்னு ஒரு நினைப்பு வந்து போச்சு. வந்து உடனே போயிடுச்சு. உடனே போயிடுச்சும்மா. ஆனா, விழுப்புரத்துல எந்த ஜன்னல் பக்கம் தொட்டில் கட்டறதுன்னு பாத்துட்டுத்தான் போச்சு.

அதுலேர்ந்து எனக்குப் பாசுரம் வரலை. நாப்பது வருஷமா வர்றது. இன்னிக்குக் காலையில கண்ணை மூடினா, நாலு, நாலு, நாலுன்னு அது ஒண்ணுதான் வருது.

நீங்க என்ன சொல்றீங்க? சொல்லாமலே இருந்துடலாமா? காலு என்ன ஆகுமோ, அதோட இதையும் சேர்த்துச் சொன்னா மாப்பிள்ளை என்னை என்னன்னு நினைப்பாரு? கோகிலா அந்த வீட்டுல இருக்கணுமே. அவ மாமியார் காலை அவ அம்மா... அய்யோ, வேண்டாம். ஆனா கால் போற பயத்துல அவங்க அழலையே. தனக்குப் புத்தி போயிடுச்சுன்னுதானே அழறாங்க. அது நான் போட்டது. நிலநடுக்கம் போட்டது இல்லை.

எந்த ஸ்டேஷன் இது? கூடூரா? அப்போ இறங்கறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூட இல்லை. மாப்பிள்ளை பிளாட்பாரத்துல நிப்பாரு. கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு, அவருக்கு அப்படி ஒரு பழக்கம். "நாலாவது பாயிண்ட் என்ன அத்தை?"ன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? இந்த ஊருக்கு மேல போனா எனக்கு வாய் வராது. எனக்கு என்னைத் தெரியும்.

இருங்க. மூச்சு மாறுது. முழிச்சுக்கறாங்க.

அதோ பாருங்க... அந்தக் கை. பெஞ்சுக்குக் கீழே போகுது பாருங்க. தலைமாட்டுல துழாவறாங்க. கண்ணு இன்னும் திறக்கலை, கை தேடுது. கவர் அங்கே இல்லை. வண்டி ஆடின ஆட்டத்துல நகர்ந்து உங்க சீட்டுக்கு அடியில வந்து கிடக்கு. உங்க கால் பக்கம், மஞ்சளா. அவங்க மறுபடியும் வெச்ச இடத்தை மறந்துட்டோம்னு நினைச்சுக்கப் போறாங்க.

அன்னிக்கு மேஜைக்கு அடியில பூந்ததுலேர்ந்து எனக்கு முட்டி மடங்கலைம்மா. நீங்க குனிஞ்சு அதைக் கொஞ்சம் எடுங்க. இல்லை, கீழே வேண்டாம், அவங்க கிட்டேயும் குடுக்காதீங்க. நான் சொல்லிட்டுக் குடுக்கறேன். இங்கே வைங்க. ஆமாம், மடியில இருக்கற இந்தப் பையில சாளக்கிராமம் இருக்கு, இருக்கட்டும். என் மடியிலேயே வைங்கம்மா.